கண்ணீர் மட்டும் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டார். "விண்வெளி ஆய்வைப் பற்றி எழுதட்டுமா ஐயா?" என்றேன். "அதற்கு ஏற்கெனவே நான்கு பேர் நிற்கிறார்கள். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுது" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பனை, மற்றொன்று கோயில். பனையைப் பற்றி என் தந்தைதான் எழுத வேண்டும். அவருக்கோ கையெழுத்து மட்டுமே போடத் தெரியும். ஆகவே கோயிலைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

அரசுக் கல்லூரி மலரில் மதப் பிரச்சாரமா என்று யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம். எவரையும் என் சபைக்கு அழைப்பதற்காக நான் பேனா எடுக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிற எங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதிலும் முதலாவதாக என்னைப் பற்றி.

வழிபாடும் மனந்திரும்புதலும் கோயிலுக்குள்ளே தொடங்கலாம். ஆனால் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டால் அது பாதி வேலைதான். மீதிப் பாதி, நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அந்த மனிதர் முன்னால் போய் நின்றால்தான் முடியும். இதுவே என் துணிபு. இந்தத் துணிபுக்கு நான் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரம். பனையேறும் குடும்பம். பதனீர்க் காலத்தில் பாளையை நாள் தவறாமல் சீவியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று ஓய்ந்திருந்தால் பாளை வறண்டுவிடும், பதனீர் நின்றுவிடும். ஆகையால் ஓய்வுநாளிலும் விடிவதற்கு முன்பே என் தந்தை மரத்தின் மேல் இருப்பார். இறங்கி, காய்ச்சுவதற்குப் பதனீரை அம்மாவிடம் ஒப்படைத்து, குளித்துவிட்டு அவர் கோயிலுக்கு வரும்போது பொதுப் பாவ அறிக்கை முடிந்திருக்கும். கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவித் தடவி வெடித்த விரல்களோடு கடைசியில் தரையில் உட்காருவார். நானோ வெள்ளைச் சட்டை அணிந்து பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பேன். பாவ அறிக்கையை ஒரு வாரம்கூடத் தவற விட்டவன் அல்லன். மனப்பாடமாகவே சொல்வேன். அந்த வயதில், அப்பாவைவிட நான் நல்ல கிறிஸ்தவன் என்றுகூட நினைத்ததுண்டு.

'மனந்திரும்புதல்' என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் இதற்கு வழங்கும் 'ஷூப்' என்ற வினைக்குத் திரும்பி வருதல் என்று பொருள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'மெத்தனோயியா'வுக்கு மனம் மாறுதல் என்று பொருள். ஒன்றில் கால் இருக்கிறது. மற்றொன்றில் மனம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லிலோ இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன! ஆனால் நாங்கள் அதில் 'மனம்' என்ற பாதியை எடுத்துக்கொண்டு 'திரும்புதல்' என்ற பாதியை விட்டுவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி என் கதை. முதலாண்டுச் செய்முறை வகுப்பில் நிறமாலைமானி வைத்து முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணம் காணும் சோதனை ஒன்று உண்டு. அறிவியல் மாணவர்கள் அறிவார்கள், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி, கண்ணாடி முப்பட்டகத்தின் வழியே வளைந்து வரும். தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே முப்பட்டக மேசையை மெல்லச் சுழற்றினால் பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஓர் இடத்தில் அப்படியே நிற்கும். அதற்கு மேலும் அதே திசையில் சுழற்றினால் பிம்பம் வந்த வழியே திரும்பிவிடும். அது திரும்பும் இடத்தைப் பிடிப்பதுதான் சோதனை. முதன்முறை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அன்று வகுப்பு முடிகிற நேரம். முப்பட்டகத்தைப் பெட்டியில் வைக்கப் போனேன். கை நழுவியது. கீழே சிமெண்டுத் தரை. ஒரு முனை சில்லாகப் பெயர்ந்து, முகத்தில் ஒரு விரிசலும் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பஞ்சில் பொதிந்து பெட்டியை மூடி, அலமாரியில் மற்றப் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

ஏன் சொல்லவில்லை? காசுக்குப் பயந்தது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மரமேறி மகனுக்குக் கண்ணாடிச் சாமான் கையாளத் தெரியுமா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்தக் கல்லூரியில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியது இல்லை. இருந்தாலும் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்; அந்தச் சொல் எங்கோ எனக்காகக் காத்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு நடப்பேன். இப்படி நடப்பவர்கள் நம் வகுப்பறைகளில் இன்னும் பலர் உண்டு.

மார்ச்சில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். ஆய்வக உதவியாளரான அண்ணாச்சி தொகுப்பூதியத்தில் வேலை பார்ப்பவர். பொருள்கள் அவர் பொறுப்பில் உள்ளவை. யார் உடைத்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. புது முப்பட்டகத்துக்கு 700 ரூபாயை அவரே கட்டினார். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே, கவனக் குறைவால் சேதம் என்று ஒரு வரியும் ஏறியது. வகுப்பில் இது பேச்சாக வந்தபோது நானும் மற்றவர்களோடு சேர்ந்து "பாவம், அண்ணாச்சி" என்றேன்.

அந்த மே மாதம் எங்கள் ஊர்ப் பக்கம் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். கடைசி இரவு பிரசங்கியார் பாவத்தைப் பற்றிப் பேசினார். உருக்கமான பேச்சு. மணலில் முழங்கால் படியிட்டு அழுதேன். முப்பட்டகத்தையும் சொல்லி அழுதேன். பாரம் இறங்கியது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே இறங்கியது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. வராந்தாவில் அண்ணாச்சி எதிரே வந்தார். "என்ன தம்பி, லீவு நல்லாப் போச்சா?" என்று சிரித்தார். இறங்கிய பாரம் அந்த இடத்திலேயே திரும்ப ஏறிவிட்டது. கடவுளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், 700 ரூபாய் கட்டிய மனிதருக்கு மட்டும் தெரியாது! இதென்ன கணக்கு?

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் வெளிவந்தது. ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட ஆங்கிலக் கதையைத் தழுவிய காப்பியம் அது. பனியனின் கதையில் முதுகில் பாரம் சுமந்து வரும் பயணி சிலுவையடியில் நிற்கும்போது பாரம் கழன்று உருண்டுவிடும். எங்கள் கூட்டங்களில் கதையை அந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அது நடப்பது கதையின் தொடக்கப் பகுதியிலேயே. பெரும்பாலான வழி அதற்குப் பிறகுதான் கிடக்கிறது.

அந்த ஆண்டு முழுவதும் நான் வேதாகமத்தை ஒரு வழக்கறிஞரைப் போல வாசித்தேன் என்று சொல்லலாம். தப்பிக்க வழி தேடினேன். முதலில் தாவீதின் ஐம்பத்தோராம் சங்கீதம் கிடைத்தது. கடவுளுக்கு எதிராக மட்டுமே தான் பாவம் செய்ததாக அவர் அதில் சொல்கிறார். அப்படியானால் மனிதரிடம் சொல்ல வேண்டியதில்லையே என்று ஆறுதல் கொண்டேன். பிறகு அந்தச் சங்கீதம் எப்போது பாடப்பட்டது என்று பார்த்தேன். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவும் கொடுத்த பின்பு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டித்த வேளை அது. உரியா செத்துப் போய்விட்டான். திருப்பிக் கொடுக்கத் தாவீதுக்கு ஆள் இல்லை. என் அண்ணாச்சியோ நாள்தோறும் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகக் கதவைத் திறக்கிறார்.

அதே நாத்தான் ஓர் ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொண்ட பணக்காரன் கதையைச் சொன்னபோது, அது தன் கதை என்று அறியாமல் தாவீது கொடுத்த தீர்ப்பு என்ன தெரியுமா? நான்கு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும்! ஆடு திருடினால் நான்கு மடங்கு என்பது மோசேயின் சட்டம். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எரிகோ ஊரில் வரி வசூலித்த சகேயுவும் அதே நான்கு மடங்கைத்தான் சொல்கிறான். இயேசுவைப் பார்ப்பதற்காகக் காட்டத்தி மரத்தில் ஏறிய குள்ளன் அவன். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவனைப் பிடிக்கும். மரம் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் வீட்டில் பிடிக்கும். ஞாயிறு பள்ளியில் அவன் மரம் ஏறியதைப் பாட்டாகப் பாடினோம். இறங்கி வந்து கணக்குத் தீர்த்ததைப் பாடவில்லை. சொத்தில் பாதி ஏழைகளுக்கு. அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாகக்கூட லூக்கா எழுதவில்லை.

லேவியராகமத்தில் இன்னும் நுணுக்கமாகக் கணக்கு இருக்கிறது. பிறன் பொருளை வஞ்சித்தவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவனிடமே கொடுக்க வேண்டும். குற்ற நிவாரண பலியும் அதோடுதான். பலி செலுத்திவிட்டேன், பணம் எதற்கு என்று அங்கே கேட்க முடியாது. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 700-க்கு ஐந்தில் ஒன்று 140. ஆக 840 ரூபாய். சகேயுவின் கணக்கில் 2,800. சகேயு பணக்காரன், நான் லேவியராகமத்தோடு நின்றுகொண்டேன்.

இயேசுவோ இன்னும் ஒரு படி மேலே போகிறார். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவனுக்கு, சகோதரன் தன்மேல் குறை கொண்டிருப்பது அங்கே நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்கிறார். வழிபாட்டை நடுவில் நிறுத்திவிட்டு வெளியே போகச் சொல்கிற குரு அவர்! இந்த வசனத்தை எங்கள் ஊரில் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டவர் என் ஆச்சி ஒருத்திதான். எல்லைப் பனை இரண்டைப் பற்றி நாத்தனாரோடு சண்டை. அதற்குப் பிறகு ஓராண்டு காலம் ஆச்சி திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. சபையார் கேலி பேசினார்கள். ஐயர் வீட்டுக்கு வந்து அழைத்தும் அசையவில்லை. ஒரு நாள் அந்தியில் மழையோடு மழையாக நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பனை இரண்டும் அந்த வீட்டுக்குப் போய்விட்டன என்பது மட்டும் தெரிந்தது. படிப்பில்லாத கிழவியின் பிடிவாதம் என்று நான் அப்போது நினைத்தேன்.

இங்கே ஒரு மறுப்பு எழும். என் சபை நண்பர் ஒருவரே எழுப்பினார். "மன்னிப்பு இலவசம் அல்லவா? நீ 840 ரூபாய்க்கு அதை விலைக்கு வாங்கப் பார்க்கிறாயா?" என்றார். நல்ல கேள்விதான். பாவமன்னிப்புச் சீட்டுகள் காசுக்கு விற்பதை எதிர்த்தே மார்ட்டின் லூத்தர் 1517-ல் தம் 95 கருத்துகளை வெளியிட்டார். ஆனால் அவற்றுள் முதலாவது என்ன சொல்கிறது? விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரு கூட்டத்தில், ஓர் இரவில் முடிகிற காரியம் அன்று. மேலும் அந்த 700 ரூபாய் கடவுளின் பணமே அல்லவே! அது அண்ணாச்சியின் பணம். அடுத்தவர் பணத்தை அவரிடம் கொடுப்பது விலையாகுமா? சகேயு வீட்டுக்கு இயேசு விருந்தாளியாகப் போவதாகச் சொன்னது முதலில். அவன் கணக்குத் தீர்த்தது பின்பு. அவன் எதையும் விலைக்கு வாங்கவில்லை. கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் கடனை அடைத்தான்.

என் அறைத் தோழர் ஓர் இஸ்லாமியர். நான் வாய்விட்டுப் புலம்பியபோது அவர் சொன்னார்: "எங்கள் மார்க்கத்திலும் அப்படித்தான். இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்ததை, அந்த மனிதனின் உரிமையைத் திருப்பிக் கொடுக்காமல் தீர்க்க முடியாது." பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஞாயிறு அழுதுவிட்டுத் திங்கள் புதுக் கணக்கு தொடங்குகிறவர்கள் என்று நினைத்திருந்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். சுருக்கென்றது. ஆனால் நாங்கள் அவருக்கு வேறு எதைக் காட்டினோம்?

தனி மனிதனுக்கு உள்ளதே சபைக்கும். வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில், ஒரே பீடத்தை நோக்கி இரு சாதியாரும் தனித்தனிப் பகுதியில் இருந்து கும்பிடச் சுவர் இருந்தது. எத்தனை தவக் காலங்கள், எத்தனை பாவசங்கீர்த்தனங்கள் அந்தச் சுவரின் இருபுறமும் நடந்திருக்கும்! யார் அழுதும் சுவர் கரையவில்லை. 1910-ல் அதை இடித்தார்கள். அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. நான் சீர்திருத்தச் சபையான். எங்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒன்றாகத்தான் கிடக்கிறது. அங்கேயும் ஆண்டுதோறும் லெந்து நாட்கள் வருகின்றன. உபவாசம் இருக்கிறோம், இறைச்சி விடுகிறோம், சுவரை விடுவதில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் பெத்தேலில் போய்ச் சொன்னது இதைத்தான். அளக்கும் படியைச் சிறிதாக்கி, காசு நிறுக்கும் கல்லைப் பெரிதாக்கிக்கொண்டு பண்டிகை கொண்டாடியவர்களிடம், உங்கள் பாட்டே கடவுளுக்கு வேண்டாம் என்றார். அவரும் காட்டத்திப் பழம் பார்த்துப் பிழைத்தவர்தாம். சகேயு ஏறியதும் அதே மரந்தான். இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பு போல அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் கலயத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

840 ரூபாய்க்கு எங்கே போவது? வீட்டில் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலைக்கு வகுப்பு நண்பர்கள் போவதுண்டு. முகூர்த்தம் பெரும்பாலும் ஞாயிறு. இந்த ஆண்டு லெந்து காலத்தில் மூன்று ஞாயிறு நான் கோயிலுக்குப் போகாமல் சாம்பார் வாளி தூக்கினேன். அவற்றுள் ஒன்று குருத்தோலை ஞாயிறு. ஊரில் பவனி போகிற நேரத்தில் நான் இலைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் என்னைக் காணாமல் ஐயர் அப்பாவிடம் விசாரித்திருக்கிறார். "பையன் பட்டணம் போய்க் கெட்டுவிட்டானோ?" என்று அம்மா தொலைபேசியில் கலங்கினாள். என்ன பதில் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை பனையில் இருக்கும் அப்பாவின் முகம் மட்டும் நினைவுக்கு வந்தது.

பெரிய வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். பேசுவதற்கு மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "அண்ணாச்சி, அந்த முப்பட்டகம் நான் உடைத்தது" என்று மட்டும் சொல்லிப் பணத்தை மேசையில் வைத்தேன்.

அவர் என்னைக் கட்டித் தழுவவில்லை. கூட்டங்களில் சொல்லும் சாட்சிகளில் அப்படித்தான் முடியும். வெகு நேரம் என்னையே பார்த்தார். "ஒரு வருசமா தினமும் என் முகத்தைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கியே தம்பி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு பணத்தை எண்ணி 700-ஐ எடுத்துக்கொண்டு 140-ஐ என் பக்கம் தள்ளினார். லேவியராகமத்தைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரூவா வந்துட்டு, சரி. ரிஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா எழுதியிருக்கே, அதுக்கு என்ன செய்யப் போற?" என்றார்.

அதை நான் கணக்கில் சேர்த்திருக்கவே இல்லை. பணத்தைத் திருப்பினால் தீர்ந்தது என்று நினைத்திருந்தேன். அவருடைய பெயரை எடுத்திருந்தேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, அண்ணாச்சியையும் அழைத்து, இருப்புப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். பழைய வரியை அடித்து, மேலே என் பதிவு எண்ணை எழுதிக் கையொப்பமிட்டார். ஆனால் அந்த வரி வகுப்பில் பேச்சாக உலவிய காலத்தில் அதைக் கேட்டவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் எல்லோரும் பதிவேட்டைப் பார்க்கப் போவதில்லை. இந்த மலரைப் பார்ப்பார்கள். அதனால்தான் விண்வெளியை விட்டுவிட்டு இதை எழுதினேன். கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். தம் பெயர் வேண்டாம் என்றார். முப்பட்டகத்தின் விலை 700 அன்று, 720 என்றார். பாக்கி 20 ரூபாயையும் வாங்கிக்கொண்டார்.